அறுபது அடுக்குத் துணியும் ஓர் ஒட்டு மருந்தும்

இரும்புக் கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது.

மேசையில் வெள்ளைத் துணி அறுபது அடுக்கு. குழந்தைச் சட்டைக்கானது. அதன்மேல் விரித்த தாளில் ஊதா மையில் கழுத்து, கை, முன்பக்கம், பின்பக்கம் என்று கோடுகள். நின்ற வாக்கில் மேலும் கீழும் ஓடும் கத்தியை வலது கை தள்ள வேண்டும். இடது கை துணியை அமுக்கிக்கொண்டே கத்திக்கு முன்னால் போக வேண்டும். அந்த இடது கைக்குத்தான் இரும்பு வலையில் பின்னிய கையுறை. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அது இல்லாமல் அவள் கத்தியை ஓட்டியதில்லை. ஓட்டியவர்களைச் சும்மா விட்டதுமில்லை. "விரல் என்ன, நகமா? வெட்டினா முளைச்சு வர்றதுக்கு?" என்று கேட்பாள். கேட்ட தோரணையில் எதிராளி ஒரு வாரத்துக்குக் கையுறையோடுதான் டீ குடிப்பான்.

அன்று காலை பத்தேகால் மணிக்கு நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பியது. கழுத்து, காது, மண்டை என்று ஏறியது. இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. மூக்கு நுனியிலிருந்து ஒரு வேர்வைத் துளி தாளில் விழுந்து ஊதாக் கோட்டைக் கரைத்தது. இன்னொன்று. அதன் பிறகு அவளுக்கு ஞாபகம் இருப்பது, மாஸ்டர் மெயின் ஸ்விட்சை அணைத்த சத்தம்தான்.

கத்தி நின்றது. அவளுடைய வெறும் இடது கை அதிலிருந்து இரண்டு விரற்கடைத் தூரத்தில் இருந்தது.

கட்டிங் மாஸ்டர் அதிகம் பேசாத மனிதர். அறுபதை நெருங்கும் வயது. காதில் எப்போதும் ஒரு பென்சில். தாளைத் தூக்கிப் பார்த்தார். ஊதா மை மூன்று அடுக்கு இறங்கியிருந்தது. கையுறையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"என்னம்மா இது?"

"தெரியல மாஸ்டர்."

"ஆபரேஷன் ஆகி வந்ததுலேர்ந்து நானும் பாக்கறேன். நீ நீயா இல்ல. ஒரு மாசம் பிசிறு மேசைக்குப் போ. அடுத்த கட்டிடத்துலேர்ந்து ஒரு ஆள் கேட்டிருக்கேன். மாசம் முடிஞ்சு ஒரு அடுக்கு வெட்டிக் காட்டு. கை நின்னா கத்தி உனக்கு. நிக்கலன்னா அந்த ஆளையே வச்சுக்குவேன். என்னைத் தப்பா நினைக்காத."

தப்பாக நினைக்க இதில் ஒன்றுமில்லை. அவர் இடத்தில் அவள் இருந்திருந்தால் மாசக் கெடுவும் கொடுத்திருக்க மாட்டாள்.

அந்தத் தையல் ஆலையில் அவளுக்குப் பெயர் கத்தரி. வேலையில் சேர்ந்த முதல் நாளே சொந்தக் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தவள். அதை யாரிடமும் இரவல் கொடுக்காதவள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய நிஜப் பெயர் கிடையாது. ஆலையில் கத்தி பிடிக்கும் ஒரே பெண் அவள்தான். பிசிறு மேசையில் உட்கார்ந்து தைத்த உடுப்பின் நூல்முனைகளைக் கத்தரித்தே ஏழு வருஷம் கழித்தவள், கேட்டுக் கேட்டு, நச்சரித்து, கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் சலித்துப்போய் "சரி, வெட்டித் தொலை" என்று சொல்ல, வெட்டிக் காட்டினாள். மேலடுக்கையும் அடியடுக்கையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது மயிரிழை வித்தியாசம் இல்லை. அன்று வாங்கிய கத்தி. பதினெட்டு வருஷம். இப்போது நாற்பத்துமூன்று வயதில் திரும்பவும் பிசிறு மேசை.

மூன்று மாதம் முன்புதான் ஆபரேஷன். அதற்கு முன் இரண்டு வருஷமாக மாதத்தில் பாதி நாள் இரத்தப்போக்கு. கருப்புப் பாவாடையாகப் பார்த்து உடுத்துவதும், நாற்காலியை விட்டு எழும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பதுமாக ஓட்டினாள். கர்ப்பப்பையில் கட்டிகள், இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டிகள் என்று ஸ்கேனில் தெரிந்தது. கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்து, கெட்டது எதுவும் இல்லை என்று தாளும் கொடுத்தார்கள். தையல் நன்றாக ஆறியது. ஆறாவது வாரம் நடந்தே மார்க்கெட் போய்வந்தாள்.

சினைப்பை இரண்டையும் எடுத்தால் மாதவிலக்கு நிற்பதோடு முடியாது, மற்றவர்களுக்கு மெல்ல மெல்ல வருஷக்கணக்கில் வருவதெல்லாம் உனக்கு ஒரே நாளில் வரும், ஆறு வாரத்தில் வந்து பார், அதற்கு மருந்து பேசலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவள் எதற்குத்தான் தலையாட்ட மாட்டாள்? ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மறந்தாள். தையல் ஆறியபின் டாக்டரிடம் என்ன வேலை?

வேலை இருந்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சூடு ஏறியது. ஏறி இறங்கியதும் குளிரில் உடம்பு வெடவெடத்தது. இரவில் இரண்டு முறை நைட்டி மாற்றினாள். தூக்கம் மூன்று மணி நேரத்தைத் தாண்டவில்லை. காலையில் விரல் கணுக்கள் வலித்தன. பதினாறு அளவையும் பதினெட்டு அளவையும் குழப்பினாள். தண்ணீர்க் குழாயை மூடினோமா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து பார்த்தாள். மூடித்தான் இருந்தது; திரும்பவும் இறங்கினாள்; திரும்பவும் சந்தேகம் வந்தது. புருஷன் பக்கத்தில் வந்து படுத்தால் தள்ளிப் படுத்தாள். வலிக்கும் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஸ்பூன் கீழே விழுந்த சத்தத்துக்கு அழுதாள்.

அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். நாய்க்குப் பயப்படுவார், மனைவிக்குப் பயப்படுவதாகச் சொல்லிக்கொள்வார். அவள் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதும் போர்வையை உதறுவதும் தேடி எடுப்பதுமாக இருந்ததைச் சில வாரம் பார்த்துவிட்டு ஒரு மேசை விசிறி வாங்கிவந்து அவள் தலைமாட்டில் வைத்தார்.

"எனக்குப் போர்வை, உனக்கு விசிறி. ஒரே கட்டில்ல ரெண்டு பருவம்."

"கிண்டலா?"

"இல்லம்மா. நான் குளிர்காலத்துல படுத்துக்கறேன்னு சொல்றேன்."

சிரிக்க வேண்டிய இடம். அவள் விசிறியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

பிசிறு மேசைக்குப் போன அன்று மாலை, அலமாரியைக் குடைந்து ஆஸ்பத்திரித் தாளைத் தேடி எடுத்தாள். "ஆறு வாரத்தில் வரவும். ஹார்மோன் சிகிச்சை பற்றி" என்று கடைசி வரியில் இருந்தது. புருஷனின் அக்கா அப்போது சோபாவில் உட்கார்ந்து டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. நாள் தவறாமல் வருவாள். நல்ல மனசு, நீண்ட நாக்கு.

"ஹார்மோனா? எதுக்கு? வேண்டாததை எடுத்தாச்சு, விட்டுது தொல்லைன்னு இருக்கறத விட்டுட்டு?"

"முடியல அண்ணி."

"எல்லாருக்கும் வர்றதுதானே. எனக்கு வரலியா? நான் விசிறி வாங்கினேனா, மேசையை மாத்தினேனா? அந்த மருந்து கேன்சரைக் கொண்டுவரும். என் பக்கத்து வீட்டுக்காரி சித்தி ஒருத்தி…"

"அந்தச் சித்தி போன வாரம் கிட்னியில செத்தான்னு சொன்னீங்க."

"அது வேற சித்தி."

கத்தரிக்கு மண்டை கொதித்தது. ஆனால் சொன்னது மனதில் தைத்துவிட்டது. கேன்சர் என்ற சொல்லுக்கு அந்தச் சக்தி உண்டு. சொன்னவள் எழுந்து போனாலும் அது சோபாவிலேயே உட்கார்ந்திருக்கும். நான்கு நாள் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். ஆஸ்பத்திரி வாசல்வரை ஒரு நாள் போனாள், திரும்பினாள். ஐந்தாம் நாள் பிசிறு மேசையில் நூலை வெட்டப்போய்ச் சட்டைக் கையையே கத்தரித்துவிட்டாள். மதியத்தோடு விடுப்புச் சொல்லிவிட்டு நேரே போய் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது சும்மா. மூன்று மணி நேரத்தில் அந்த வராந்தாவின் நீளம் எத்தனை அடி என்று அளந்துவிட்டாள்.

டாக்டர் அவள் வயதுக்காரி. தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆறு வாரத்துல வரச் சொன்னேன். பன்னெண்டு வாரம் ஆச்சு. எப்படித் தாங்கினீங்க?"

யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. கத்தரி எல்லாவற்றையும் கொட்டினாள். கையுறை, ஊதா மை, ஸ்பூன், தள்ளிப் படுத்தது வரை. கடைசியில், "இது கேன்சரைக் கொண்டுவருமாமே?" என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நியாயமான கேள்வி. உங்களுக்கோ, கூடப் பொறந்தவங்களுக்கோ, அம்மாவுக்கோ மார்புல கட்டி, கேன்சர் இருந்துதா? கால்ல ரத்தம் உறைஞ்சுபோச்சா? கல்லீரல்ல ஏதாவது?"

"இல்ல. ஒண்ணுமில்ல."

"எடுத்ததுலயும் கெட்டது இல்லன்னு வந்துடுச்சு. பாருங்க, உங்க உடம்பு இன்னும் ஏழெட்டு வருஷம் தானே சுரந்திருக்க வேண்டியதை நாங்க ஒரு மணி நேரத்துல எடுத்துட்டோம். அதுல கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கறோம். அவ்வளவுதான். கர்ப்பப்பை இருக்கறவங்களுக்கு அதைக் காக்க இன்னொரு மருந்தும் சேக்கணும். உங்களுக்கு அது இல்ல, அதனால இது ஒண்ணு போதும். உங்க வயசுல இதை எடுக்காம விட்டாத்தான் எலும்புக்கும் இதயத்துக்கும் கெடுதல். அம்பது வயசு வரை எடுங்க, அப்புறம் உக்காந்து பேசுவோம். ஆபத்தே இல்லாத மருந்துன்னு ஒண்ணு என்கிட்ட இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வந்துடணும். மார்புல வித்தியாசம் தெரிஞ்சா, காலு வீங்கினா, உடனே."

மருந்து மாத்திரையாக இல்லை. கண்ணாடிபோல வட்டமாக ஒரு ஒட்டு. இடுப்புக்குக் கீழே தோலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும். இந்தத் தடவை இடப்பக்கம் என்றால் அடுத்த தடவை வலப்பக்கம். கழற்றியதைப் பசைப்பக்கம் உள்ளே போக மடித்துப் போட வேண்டும், குழந்தைகள் கையில் படக்கூடாது. சுத்தமான, ஈரமில்லாத தோலில் ஒட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். கத்தரி தலையாட்டினாள். இந்த முறை நிஜமாகவே கேட்டுக்கொண்டுதான் ஆட்டினாள். ஆனால் கேட்டது அவள் காது. கட்டிங் அறையில் பதினெட்டு வருஷம் பழகிய காது.

அந்த அறையில் ஈரம்தான் எதிரி. வெட்டுகிறவள் நாள் முழுக்க வயிற்றை மேசை விளிம்பில் சாய்த்து நிற்பாள். வேர்வை உடுப்பைத் தாண்டித் துணியில் பட்டால் கறை. அதனால் காலையில் குளித்ததும் இடுப்பைச் சுற்றி, கை மணிக்கட்டில், கழுத்தில் பவுடரை அள்ளி அப்பிக்கொள்வது பல் துலக்குவது மாதிரி அவளுக்கு. ஈரமில்லாத தோல் என்றால் பவுடர் போட்ட தோல். வேறென்ன?

ஆக, குளித்தாள், துடைத்தாள், பவுடரை அப்பினாள், அதன்மேல் மருந்தை ஒட்டினாள். அதுவும் சரியாக இடுப்பில், மேசை விளிம்பு உரசும் இடத்தில். மறுநாளே ஓரம் சுருண்டது. மேசையில் கிடந்த தாள் ஒட்டும் டேப்பைக் கிழித்து மேலே போட்டு இறுக்கினாள். டேப் நின்றது. மருந்து தோலில் நின்றதா, டேப்பில் நின்றதா என்று யார் பார்த்தார்கள்?

ஒரு வாரம் போனது. சூடு குறையவில்லை. கூடிய மாதிரியும் இருந்தது. "பொறுங்க, சில வாரம் ஆகும்" என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பொறுத்தாள். பொறுமை அவளுக்கு வராத வேலை. நாட்காட்டியில் தேதியைக் கிழிக்காமல் விட்டால் நாள் ஓடாது என்பதுபோல் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் கிழித்தாள். இரண்டாம் வாரம் ஒரு ஒட்டு குளியலறையில் விழுந்து கிடந்தது. கட்டிங் மேசையில் அடுத்த கட்டிடத்து ஆள் கத்தியை ஓட்டும் சத்தம் பிசிறு மேசைவரை கேட்டது. வளைவில் அவன் இழுத்து இழுத்து ஓட்டுகிறான் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். சொல்லவும் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த ஊசி என்கிற ஒல்லிப் பெண் சிரித்தாள்.

"கத்தரியக்கா, உங்க காதை இங்க வையுங்க. இந்தச் சட்டைக்கு இன்னும் நாலு பிசிறு இருக்கு."

"நீ உன் வேலையைப் பாருடி."

"பாத்துட்டேதான் இருக்கேன். நீங்க அஞ்சு சட்டைக்கு ரெண்டு தடவை எந்திரிக்கறீங்க. எனக்குத் தலை சுத்துது."

மூன்றாம் வாரமும் ஓடியது. கெடுவுக்கு இன்னும் மூன்று நாள்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோது பிசிறு மேசையைச் சுற்றிக் கூட்டம். தைத்த உடுப்பைக் கடைசியாகச் சோதிக்கும் பெண், கண்ணாடி என்று பெயர், ஒரு குழந்தைச் சட்டையைத் திருப்பிப் பிடித்திருந்தாள். உட்பக்கம், பக்கவாட்டுத் தையலுக்கு அருகே, வட்டமாக, பளபளப்பாக ஒன்று ஒட்டியிருந்தது.

"இது எந்த நம்பர் ஸ்டிக்கர்? நம்பரே இல்லையே. இந்த மாதிரி ஸ்டிக்கர் நம்மகிட்ட கிடையாதே."

வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் அடுக்கு எண் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எந்தக் கை எந்த உடம்போடு சேர வேண்டும் என்று தெரிய வேண்டுமே. தைத்தபின் எடுத்துவிடுவார்கள். குழந்தை உடுப்பில் அன்னியப் பொருள் ஒன்று கிடைத்தால் அந்தக் கட்டு முழுக்க நிற்கும். எண்ணூறு சட்டையையும் பிரித்துப் பார்க்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அது சட்டம். மாஸ்டர் வந்து நின்றார். ஸ்டிக்கர் ஒட்டும் இரண்டு பெண்களும் ஏற்கெனவே கண் கலங்கியிருந்தார்கள்.

"நாங்க இல்ல மாஸ்டர். சத்தியமா."

"நீங்க இல்லன்னா யாரு? தானா பறந்து வந்துதா?"

கத்தரியின் கை இடுப்புக்குப் போனது. காலையில் டேப் தீர்ந்துபோயிருந்தது. இடுப்பில் பவுடர்தான் இருந்தது.

சட்டைகளை மடியில் குவித்து, வயிற்றோடு அணைத்துப் பிடித்து நூல் வெட்டுவதுதான் பிசிறு மேசை வேலை. எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. பேசாமல் இருக்கலாம். அந்தப் பெண்கள் இரண்டு திட்டு வாங்குவார்கள், நாளைக்கு மறந்துவிடும். ஆனால் அது மருந்து. ஒரு கைக்குழந்தையின் தோலில் ஒட்டியிருக்கக்கூடிய மருந்து. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"மாஸ்டர், அது என்னுது."

எல்லாரும் திரும்பினார்கள்.

"உன்னுதா? என்ன அது?"

"மருந்து. எனக்குச் சினைப்பை ரெண்டையும் எடுத்துட்டாங்க. அதுக்கு பதிலா ஒட்டிக்கறது. இடுப்புலேர்ந்து விழுந்திருக்கு."

மாஸ்டரின் காது இரண்டும் சிவந்தன. கூரையைப் பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பவும் வைத்தார்.

"சரிம்மா. சரி, சரி. இதெல்லாம் எதுக்கு எங்கிட்ட…"

"உங்ககிட்டதானே கத்தி இருக்கு. அப்ப உங்ககிட்டதான் சொல்லணும். கணக்கு இதுதான். ஆறு ஒட்டினேன். நாலு மடிச்சுக் குப்பையில போட்டேன். ஒண்ணு குளியலறையில விழுந்து கெடச்சுது. ஆறாவது இது. வேற எங்கயும் இல்ல. இருந்தாலும் இந்தக் கட்டுல என் கைபட்ட அத்தனை சட்டையையும் நானே பிரிச்சுப் பாக்கறேன். இவங்க ரெண்டு பேரையும் விட்டுடுங்க."

கண்ணாடி அந்த ஒட்டை நகத்தால் நெம்பினாள். சட்டையிலிருந்து எடுக்க வரவில்லை. பசை நன்றாகப் பிடித்திருந்தது.

"துணியில இந்தப் பிடி பிடிக்குது, உங்க மேல நிக்கலியாக்கும்?" என்றாள் ஊசி. "உங்களைக் கண்டா அதுக்கும் பயம்போல."

யாரோ சிரித்தார்கள். கத்தரி சிரிக்கவில்லை. அந்த ஒட்டையே பார்த்தாள். நெம்பித் தூக்கிய ஓரத்தில் பசைமேல் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருந்தது. சாக்பீஸ் தூள் மாதிரி.

பதினெட்டு வருஷமாக இந்த ஸ்டிக்கர் பெண்களைப் பார்த்து அவள் போட்ட சத்தம் ஒன்று உண்டு. புதிதாக வந்த ஒவ்வொருத்தியும் முதல் வாரத்தில் வாங்கிக்கட்டிக்கொள்வாள். அதைக் கத்தரி இப்போது வாய்விட்டே சொன்னாள், மெதுவாக, தனக்குத்தானே.

"தூளைத் துடைக்காம ஒட்டினா ஸ்டிக்கர் எப்படிடி நிக்கும்?"

ஸ்டிக்கர் பெண்களில் ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அதைத்தான் அக்கா நீங்க எங்களைத் தினம் திட்டுவீங்க" என்றாள்.

அப்போதுதான் கத்தரிக்குச் சிரிப்பு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை. நிற்காமல் வந்தது. விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். மாஸ்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டதால் மாஸ்டர் மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினார். வேலை முடிந்தபின் எண்ணூறில் அவள் கைபட்ட முந்நூற்றுப் பத்துச் சட்டையையும் உட்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஊசியும் கூட உட்கார்ந்தாள், கூப்பிடாமலே. வேறு எதுவும் இல்லை. போகும்போது மாஸ்டர் அறைக்குப் போய் நின்றாள்.

"இன்னும் அஞ்சு வாரம் வேணும் மாஸ்டர். மூணு வாரமா நான் மருந்தே எடுக்கல. பவுடருக்குத்தான் மருந்து போட்டிருக்கேன்."

"அந்த ஆளை வச்சுக்கறேனா அனுப்பறேனான்னு மாசக் கடைசியில அடுத்த கட்டிடத்துக்குச் சொல்லணும்."

"அவனுக்கு வளைவு வராது. உங்களுக்கே தெரியும்."

அவருக்குத் தெரியும். பென்சிலால் தாடையைச் சொறிந்தார். "அஞ்சு வாரம். ஆறாவது வாரம் கேக்காத."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுத்த நர்ஸ், பவுடர் என்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள் போல. பிறகு, பவுடர், எண்ணெய், க்ரீம் எதுவும் கூடாது என்றாள். இடுப்புக்கோட்டில் வேண்டாம், உரசும், புட்டத்தின் மேல்பகுதியில் ஒட்டுங்கள் என்றாள். உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். விழுந்தால் புதிதாக ஒன்றை ஒட்டுங்கள், டேப் வேண்டாம். அப்படியும் நிற்காவிட்டால் தடவிக்கொள்ளும் ஜெல் இருக்கிறது, வாருங்கள். கத்தரி எழுதிக்கொண்டாள். தலையாட்டவில்லை.

அவள் கண்ணுக்குத் தெரியாத இடம், கையைத் திருப்பி அழுத்தவும் வரவில்லை. புருஷனைக் கூப்பிட்டாள். அவர் ஒட்டை வாங்கி மீட்டர் பார்ப்பதுபோல் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"எங்க?"

"இங்க. அழுத்திப் பத்து எண்ணுங்க."

அவர் எண்ணினார். எட்டாவது எண்ணில், "நீ தள்ளிப் படுத்தது இதனாலயா?" என்றார்.

"இதனாலதான். வலிக்கும்னு பயம். அதுக்கும் மருந்து இருக்காம். கேட்டுட்டு வரணும்."

"நான் என் மேலதான் கோவம்னு நினைச்சேன்."

"அதுவும் இருந்துது. பத்து ஆச்சா?"

"நீ பேசினதுல மறந்துட்டேன். திரும்ப எண்ணறேன்."

இரண்டாம் வாரம் ஒரு நாள் இரவு நைட்டி மாற்றாமல் விடிந்தது. அது தற்செயல் என்று நினைத்தாள். மூன்றாம் வாரம் அது மூன்று நாளாயிற்று. பன்னிரண்டு சூடு ஏழாகி, ஐந்தாகி, சில நாள் திரும்ப எட்டாகி அவளைக் கலங்கடித்து, மறுபடி நாலாகியது. மார்பு கனத்து வலித்தது. டாக்டரிடம் சொன்னாள், பார்த்துவிட்டு, பழக்கப்படும் என்றார். விரல் கணு இன்னும் வலித்தது. புருஷனின் அக்கா வாரா வாரம் அவளை விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தி, "முகம் மாறியிருக்கே, ஊதியிருக்கே" என்றாள்.

"தூங்கின முகம் அண்ணி. மறந்துபோயிருப்பீங்க."

ஐந்தாவது வார முடிவில், காலை பத்து மணிக்கு, மாஸ்டர் அறுபது அடுக்கு விரிக்கச் சொன்னார். வெள்ளைத் துணி. வேண்டுமென்றேதான். அடுத்த கட்டிடத்து ஆள் சுவரோரம் கைகட்டி நின்றான். பிசிறு மேசையில் யாரும் நூல் வெட்டவில்லை.

கத்தரி கையுறையை மாட்டினாள். மணிக்கட்டில் பவுடர் போட்டிருந்தாள். இடுப்பில் போடவில்லை, அங்கே ஒரு பருத்தித் துணியை மடித்துச் செருகியிருந்தாள். ஸ்விட்சைப் போட்டாள். நேர்க்கோடு போனது. தோள் வளைவு போனது. கழுத்தின் வட்டத்தில் பாதி போகும்போது நெஞ்சில் அது கிளம்பியது. தெரிந்த சூடு. சின்னதுதான், ஆனாலும் அதேதான்.

முன்பெல்லாம் என்ன செய்தாள்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். நின்றால் கையாலாகாதவள் என்று ஆகிவிடும் என்ற பயம். நிறுத்தாமல் ஓட்டவைத்து, சூடு தாங்காமல் கையுறையைக் கழற்றவைத்தது அந்தப் பயம்தான்.

ஸ்விட்சை அணைத்தாள். கத்தி நின்றது. மேசையை விட்டு ஓரடி பின்னால் வந்தாள். இடுப்புத் துணியை உருவி முகத்தைத் துடைத்தாள்.

மாஸ்டர் நெருங்கி வந்தார். "என்ன ஆச்சு?"

"ரெண்டு நிமிஷம்."

"வேலை நடுவுலயா?"

"நடுவுலதான் வரும், கேட்டுட்டு வராது. நான் நிறுத்துவேன், அது போகும், நான் ஓட்டுவேன். நிறுத்தாம ஓட்டறவளா வேணும்னா இவனை வச்சுக்கோங்க."

சுவரோர ஆள் காலை மாற்றிக்கொண்டான். மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அறை முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சூடு கழுத்துவரை வந்தது, காதுவரை வந்தது, அங்கிருந்து இறங்கத் தொடங்கியது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. துணியைச் செருகினாள். கையுறையின் பட்டையை இழுத்து இறுக்கினாள். கத்தியை விட்ட இடத்திலேயே வைத்து வட்டத்தின் மீதியை முடித்தாள்.

மாஸ்டர் கழுத்துத் துண்டுகளில் மேலடுக்கையும் அடியடுக்கையும் உருவினார். ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நிறுத்திய இடத்தில் விளிம்பு பல்போல நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து அடுக்கின் மேல், வெட்டியது யார் என்று காட்டும் அவளுடைய குறியைப் போட்டார். பிறகு சுவரோர ஆளிடம் திரும்பி, "டீ குடிச்சிட்டு உன் கட்டிடத்துக்குக் கிளம்பு தம்பி" என்றார்.

"அக்கா, அந்த ரெண்டு நிமிஷத்துல எனக்குத்தான் வேர்த்துப்போச்சு" என்றாள் ஊசி.

"பவுடர் போட்டுக்கோ," என்றாள் கத்தரி. மேசையில் இன்னும் கைத்துண்டுகளும் பின்பக்கமும் வெட்ட இருந்தன. ஸ்விட்சைப் போடுமுன் வலது கையால் பின்னால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். இருந்தது. ஒட்டின் ஓரம் சுருண்டிருக்கிறதா என்று இன்னொரு தடவையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியைத் தள்ளினாள்.